புரூஃப் தாத்தா பதில்கள்

கேள்வி: துப்பறியும் நாவலை ஒரே ராத்திரியில் முடித்துவிடுகிறேன். வாங்கப்போகும் மனையின் பத்திரம் ஆறே பக்கம். ஒரு மணி நேரம் படித்தும் மண்டையில் ஏறவில்லை. வேகமாகப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேரலாமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அந்தப் பணத்தை முத்திரைத்தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நாவலில் 'கதவு மெல்லத்' என்று பார்த்ததுமே 'திறந்தது' தானாக வந்துவிடும். கண் ஒவ்வொரு இடத்திலும் கால் நொடிதான் நிற்கும். ஊகிக்க முடிகிற சொல்லைத் தாண்டியே போய்விடும். பத்திரத்தில் ஊகம் செல்லாது. மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியைப் பாருங்கள்: 'கந்தசாமி மனைக்கு வடக்கு, தென்வடல் பாதைக்குக் கிழக்கு.' அவசரக்காரர் கந்தசாமியை வடக்கே குடிவைத்துவிடுவார். அவர் இருப்பது தெற்கே. அவருக்கு வடக்கே இருப்பதுதான் உங்கள் மனை. பாதையும் அப்படியே, உங்களுக்கு மேற்கே.

முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். ஒரு கல்யாணப் பத்திரிகையில், தாத்தா பெயருக்கு முன்னால் வரவேண்டிய 'காலஞ்சென்ற', பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் ஏறிவிட்டது. மூன்று பேர் படித்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. பத்திரிகை வாசகம் மனப்பாடம் ஆகிவிட்டதால் படிக்காமலே படித்திருக்கிறோம். அவர் உயிரோடு கடைக்கு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பத்திரிகை என்றால் வாய்விட்டு, எழுத்தெழுத்தாகத்தான்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று வகுப்புக்காரர்கள் கணக்குக் காட்டுவார்கள். பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரைஸ்பெர்ட் 2019-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, ஆங்கிலத்தை மௌனமாகப் படிப்பவர்களுக்குச் சராசரியாகக் கட்டுரை என்றால் 238 சொல், கதை என்றால் 260 சொல் என்றார். கதையில் சொற்கள் குட்டையானவை என்பதும் ஒரு காரணம். அதை நமக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலக்காரருக்கு ஐந்தாறு ஆகும். ஓலைச்சுவடி படித்தவர்கள் பாடு இன்னும் மோசம்: மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது.

பத்திரத்தை மறுபடி எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், பென்சில். ஒரு கட்டம் போட்டு, உச்சியில் 'வ' என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு எல்லையாக வாய்விட்டுப் படித்து ஆளை அவரவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். தாய்ப்பத்திரத்துக்கும், அதாவது அந்த மனையின் முந்தைய பத்திரத்துக்கும், இதே மாதிரி ஒரு கட்டம். இரண்டிலும் கந்தசாமி ஒரே பக்கத்தில் இருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.