‘கோரலைன்’ படத்தை 5 வயது மகளுக்குக் காட்டலாமா?

பொம்மைப் படம்தானே என்று போட்டுவிடாதீர்கள். 2009இல் ஹென்றி செலிக் இயக்கிய இதற்கு அமெரிக்காவில் பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) சான்றிதழ்தான், ரத்தக்களரி எல்லாம் கிடையாது. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கோரலைன் என்ற சிறுமியின் வீட்டுச் சுவரில் உள்ள சின்னக் கதவுக்கு அப்பால் அவளுக்கு இன்னொரு அம்மா. பிடித்ததையெல்லாம் சமைத்துப் போடுகிறாள், கொஞ்சுகிறாள். ஆனால் கண்ணுக்குப் பதில் கறுப்புப் பொத்தான். அப்புறம் ஊசி, நூல், பொத்தான் வைத்த பெட்டியை நீட்டி, உனக்கும் தைத்துவிடலாம் என்கிறாள். பேய் வந்தால் அம்மா மடியில் ஒளியலாம். அம்மாவே அப்படி மாறினால்? 5 வயதுக்கு இது தாங்காது என்பேன். 8, 9 வயதில், பகலில், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தால் சரி. அப்போதும் இருட்டில் தனியாகப் பாத்ரூம் போகத் தயங்குகிற பிள்ளை என்றால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.