பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, ஜல்லி வாங்கலாமா?

கேள்வி: வீட்டுப் பின்புறம் செங்கல் கட்டி, சிமென்ட் பூசி, 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரத்தில் காய்கறிப் பாத்தி அமைத்தோம். குட்டி யானையில் 2 லோடு செம்மண் இறக்கி நிரப்பினோம். ஐப்பசி மழையில் பாத்தி குளமாகிவிட்டது. கத்தரி மஞ்சளடித்தது, தக்காளி வேர் அழுகிச் சாய்ந்தது. மண் கொடுத்தவரோ, “அடியில் அரையடி ஜல்லி போட்டு, மேலே மணல் கலந்தால் சரியாகிவிடும், நானே இறக்கித் தருகிறேன்” என்கிறார். இன்னொரு கடையில் பெர்லைட் (எரிமலைக் கல்லைச் சுட்டுப் பொரித்த, எடை குறைந்த வெள்ளைக் குருணை) வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? (முடிச்சூர் வாசகர்)

பதில்: ஜல்லி வாங்காதீர்கள். அது நன்மை செய்யாது என்பதோடு, இருக்கிற 1 அடி மண்ணில் பாதியைத் தின்றுவிடும்.

சமையலறை ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வாட்டில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி தண்ணீர் வடியும். மண்ணும் இப்படித்தான். நுண்ணிய மண்ணுக்குக் கீழே பெரிய கல் இருந்தால், மேல் மண் முழுக்க ஊறி நிரம்பும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஆக, ஈரம் தேங்குகிற பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். பாத்தியில் மண் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு மேல்பகுதி வடியும்.

முதலில் காசு செலவில்லாத வேலை. சுவரின் அடி வரிசையில் 2 அடிக்கு ஒரு துளை போடுங்கள். பூசி மூடிய தொட்டியில் தண்ணீர் எங்கே போகும்? அப்புறம் பாத்திக்குள் 1 அடி ஆழக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 1 அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால், மண்ணோ அதற்கு அடியில் இறுகிய தரையோ வழி விடவில்லை. வீடு கட்டும்போது கொட்டிய சிமென்ட் கலவைதான் பல வீடுகளில் அடியில் பாறை மாதிரி கிடக்கும். கடப்பாரையால் அதை உடைத்துவிடுங்கள்.

அடுத்தது மண். ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ‘செம்மண்’ என்ற பெயரில் அஸ்திவாரம் தோண்டிய களிமண்ணும் விற்பனைக்கு வருகிறது, நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

களிமண்ணில் நாலு சட்டி மணல் கலப்பது செங்கல் சூளைக்காரர் வேலை. பாத்தியில் பலன் தெரிய வேண்டுமானால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி மணல் வேண்டும், அதற்குப் புது மண்ணே வாங்கிவிடலாம். எம்-சாண்டில் கல்தூள் இருப்பதால் அதுவும் வேண்டாம். பெர்லைட் சின்னத் தொட்டிக்குச் சரி. உங்கள் பாத்தி 32 கன அடி, அதாவது சுமார் 900 லிட்டர். அந்த அளவுக்கு வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது, மழையில் மேலே மிதந்தும் வந்துவிடும்.

பணத்தை மட்கிய எருவில் போடுங்கள். களித்துகள்களைப் பொலபொலவென்ற குருணைகளாகச் சேர்ப்பது அதுதான். கால் பங்கு மண்ணை எடுத்துவிட்டு 8 கன அடி, அதாவது சுமார் 225 லிட்டர் எரு கலக்க வேண்டும். மண்புழு உரமாக வாங்கினால் 160 முதல் 200 கிலோ வரை வரும், பர்ஸ் தாங்காது. நன்றாக மட்கிய தொழுவுரத்தை மூட்டைக் கணக்கில் வாங்கிக்கொண்டு, மண்புழு உரத்தை நடும் குழிக்கு மட்டும் ஒரு கைப்பிடி வையுங்கள். மாட்டுச் சாண வாசனை அடிக்கிற எருவை வாங்காதீர்கள், வண்டுப் புழு கூடவே வரும். சந்தேகமிருந்தால் கொஞ்சம் எருவில் வெந்தயம் தூவுங்கள். நாலு நாளில் ஒழுங்காக முளைத்தால் எரு பக்குவம்.

தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை எல்லாக் கடையிலும் சர்வ ரோக நிவாரணி மாதிரி விற்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கிற பொருள், உங்கள் குறையோ தண்ணீர் நிற்பது. 5 கிலோ கட்டி ஊறினால் 60, 70 லிட்டர் வரை வரும், ஒன்று போதும். உப்பு போக மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். ஜிப்சமும் யாராவது சொல்வார்கள். களர் மண், அதாவது சோடியம் மிகுந்த மண் என்று மண் பரிசோதனையில் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

இதையெல்லாம் இப்போதே செய்யாதீர்கள். ஈரக் களியைக் கொத்தினால் காய்ந்ததும் கல்லாகும். மழை ஓய்ந்து, கையில் பிடித்த மண் உதிரும் பதம் வந்ததும் மார்கழியில் கொத்தினால் தைப்பட்டத்துக்குத் தயார்.

மண் கொடுத்தவர் பில் தந்தாரா? பில் கொடுக்க மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அடுத்த லோடு இறங்கும் முன், வண்டியிலேயே ஒரு பாட்டில் மண் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள்.

கேள்வி: 25 கிலோ மண்புழு உர மூட்டை சொதசொதவென்று இருந்தது. வெயிலில் காயவைத்து எடை போட்டால் 17 கிலோதான். இது மோசடி இல்லையா?

பதில்: எட்டு கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். மண்புழு உரத்தில் ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்கிறது 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை. உங்கள் மூட்டையில் 32 சதவீதம் போயிருக்கிறது, காய்ந்த உரத்திலும் மிச்ச ஈரம் இருக்கும். ஆனால் நீங்கள் மொட்டைமாடியில் காயவைத்தது சாட்சியமாக நிற்காது. பிரிக்காத மூட்டை ஒன்று இருந்தால் அப்படியே வைத்திருந்து, வேளாண்மைத் துறையின் உர ஆய்வாளரிடம் சொல்லுங்கள். மூட்டையில் தயாரித்தவர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், ஆண்டு இல்லையென்றால் அது தனிக் குற்றம். படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கேள்வி: மாடியில் குரோ பேக்கின் அடியில் ஓட்டுச் சில்லு பரப்ப வேண்டுமா?

பதில்: பரப்ப வேண்டாம். மண் ஒழுகாமல் இருக்கத் துளை மேல் ஒரு சில்லு போதும். பையைத் தளத்தோடு ஒட்டி வைத்தால் துளை இருந்தும் பயனில்லை, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.