கச்சான் காற்றிலும் வாடைக் காற்றிலும் சென்ட் மணம் நிற்குமா? (கேள்வி பதில்)

திருகோணமலை நகரில் பதினெட்டு வருடங்களாகச் சென்ட் விற்கிறேன். மணத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தோல் வருத்தத்துக்கு வைத்தியர் இருக்கிறார்.

உப்புவெளி, ஆசிரியை: காலை ஏழு மணிக்குப் பூசிக்கொண்டு போகிறேன் அண்ணா. இரண்டாம் பாடம் முடிவதற்குள் மணம் போய்விடுகிறது.

ரீச்சர், போய்விட்டதா அல்லது உங்கள் மூக்கு பழகிவிட்டதா? இடைவேளையில் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். "வாசமாக இருக்கிறதே" என்று அவர் சொன்னால் சென்டில் குறை இல்லை.

உண்மையிலேயே போயிருந்தால் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓடிகொலோனில் வாசனை எண்ணெய் 2 முதல் 4 சதவீதம்தான். 'ஓ த துவாலெத்' என்றால் 5 முதல் 15, 'ஓ த பர்ஃபியூம்' என்றால் ஏறத்தாழ 15 முதல் 20. மிச்சம் பெரும்பாலும் அல்ககோல். நம் வெயிலில் அது தோலில் பட்டவுடனே பறந்துவிடும். எலுமிச்சை, தோடம்பழ மணங்களும் அதன் பின்னாலேயே போய்விடும். சந்தனம், வெட்டிவேர், பச்சிலை (பச்சௌலி) போன்றவை கனமானவை. அவை ஆறுதலாகத்தான் எழும்பும். பகல் முழுவதும் நிற்க வேண்டுமென்றால் அடியில் இவை உள்ளதை வாங்குங்கள்.

குளித்து, நன்றாகத் துவட்டி, மணமில்லாத கிறீம் கொஞ்சம் தடவி, அதன்மேல் அடியுங்கள். வறண்ட தோலில் மணம் தங்காது. மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் சூடேறி, முதலில் எழும்பும் மேல்மணம் இன்னும் விரைவில் போகும். பின்னங்கழுத்தில் ஒரு முறை, பருத்திச் சேலையின் முந்தானையில் ஒரு முறை அடித்தால் போதும். துணி தோலைப்போல் சூடாகாது, அதனால் அதில் நெடுநேரம் நிற்கும். பட்டில் மட்டும் அடிக்காதீர்கள், கறை பிடிக்கும்.

போத்தலை வெயில் படும் யன்னலோரம் வைக்க வேண்டாம்.

கிண்ணியா, மாணவர்: மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே வைத்திருந்தேன். இப்போது சென்டின் நிறம் மாறி, புளித்த மணம் வருகிறது.

வெந்துவிட்டது தம்பி. அலுமாரிக்குள் இருட்டில் வைக்க வேண்டிய பொருள் அது. புதிதாக வாங்குங்கள், அதையும் அங்கே வைக்காதீர்கள்.

மூதூர், வியாபாரி: அத்தர் இருக்கும்போது சென்ட் எதற்கு?

நானா, அரைவாசி உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். அத்தரில் அல்ககோல் இல்லை. இந்தியாவின் கன்னௌஜ் நகரில் பூவை நீரிலிட்டுச் செப்புப் பானையில் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். எண்ணெய் ஆறுதலாகப் பறப்பதால் நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்குப் பூசியது பின்னேர அஸர் தொழுகைக்கும் இருக்கும். ஆனால் மணம் உடம்போடு ஒட்டியே நிற்கும், தூரத்துக்கு வீசாது. மலிவு விலையில் கிடைக்கும் அத்தரில் சந்தன எண்ணெயைத் தேடாதீர்கள், இருக்காது. வெள்ளை ஜுப்பாவிலும் தடவாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அத்தரும் விரைவில் போகும், வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் நிற்கும்.

சீனன்குடா, ஓய்வுபெற்றவர்: நீர் சொல்வது பிழை. வாடைக் காற்று ஈரமானது, அந்த ஈரம் மணத்தைக் குடித்துவிடும். கச்சான் உலர்ந்த காற்று, அதில்தான் மணம் நிற்கும்.

ஐயா, ஈரம் மணத்தைக் குடிக்காது. மழை விட்ட மாலையில் மல்லிகைப் பந்தலுக்குக் கீழே நின்று பாருங்கள், மணம் கூடித்தான் தெரியும். கச்சான் மலைநாட்டைக் கடக்கும்போது மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சூடாகவும் உலர்ந்தும் இறங்குகிறது. தோலை வறட்டுகிறது, மணத்தை அள்ளிக்கொண்டும் போகிறது. கொடியில் போட்ட சேலை ஏன் அரை மணித்தியாலத்தில் காய்கிறது என்று நினைக்கிறீர்கள்?

அவரே: அப்படியானால் புழுக்க நாளில் ஏன் ஒன்றுமே நிற்பதில்லை?

இது நல்ல கேள்வி. அங்கே மணத்தைக் கொண்டுபோவது வியர்வை. காற்று ஈரமாக இருந்தால் வியர்வை காயாமல் வழிகிறது. நாம் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே இருக்கிறோம், சென்டும் கைலேஞ்சிக்குப் போய்விடுகிறது.

அவரே: ஆக, ஈரம்தான் காரணம் என்று ஒத்துக்கொள்கிறீர்.

வியர்க்கிறவருக்கு ஈரம் எதிரி. அவ்வளவுதான் ஒத்துக்கொள்வேன். வாடையில் வெக்கை குறைவு, வியர்வையும் குறைவு. கச்சானும் எழும்பாமல், இலையும் அசையாமல் கிடக்கும் சித்திரைப் புழுக்கம்தான் எல்லாவற்றிலும் மோசம். அந்த நாட்களில் தோலை விட்டுவிட்டுச் சட்டையின் உட்புறத்தில் அடியுங்கள்.

அவரே: மார்கழியில் வந்து மறுபடியும் கேட்பேன்.

வாருங்கள் ஐயா.

நிலாவெளி: மணம் நீண்ட நேரம் நிற்க என்ன செய்யலாம்?

மேலே ரீச்சருக்குச் சொன்னதை வாசியுங்கள்.

தம்பலகாமம்: சென்ட் அடித்த இடத்தில், கழுத்தில் கருமை விழுந்திருக்கிறது.

தோல் வைத்தியரிடம் போங்கள். பெர்கமொட் என்ற எலுமிச்சை இன எண்ணெயில் உள்ள ஒரு பொருள், வெயில் பட்டால் இப்படிக் கருமையாக்குவது உண்டு. அதுவரை கழுத்தில் அடிக்காதீர்கள்.

கோணேசர் கோயிலடி: வீட்டில் விளக்கேற்றும் முன் சென்ட் அடிக்கலாமா?

கூடாது அக்கா. அல்ககோல் தீப்பிடிக்கும். சென்ட் அடித்த கையோடு கற்பூரத்துக்கு அருகில் போக வேண்டாம். முதலில் விளக்கை ஏற்றுங்கள். பிறகு வேறு அறையில் அடித்து, காயவிட்டு வாருங்கள்.

நகரம்: எது நல்ல பிராண்ட்?

உங்கள் தோலில் அடித்து, இரண்டு மணித்தியாலம் வெளியே நடந்துவிட்டு வந்து வாங்குங்கள். காகிதத் துண்டில் முகர்ந்து வாங்கியதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். நானும் எடுக்கமாட்டேன்.

கந்தளாய்: கூடுதல் நேரம் நிற்க ஏதாவது வழி?

மேலே.

பாலையூற்று: சென்டைக் காருக்குள் வைக்கலாமா?

கிண்ணியாத் தம்பியைக் கேளுங்கள்.