மீன் கடித்ததா, ஆள் அடித்ததா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார், தடயவியல் மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நாகர்கோவில் மருத்துவர்.

கடலுக்குப் போன என் தம்பி மூன்றாம் நாள் முட்டம் கரையில் பிணமாக ஒதுங்கினான். இமையும் உதடும் பிய்ந்திருந்தன. அடித்துக் கொன்று கடலில் போட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. மருத்துவரோ இறுதிக் கருத்து பின்னர் என்று எழுதியிருக்கிறார். பணம் வாங்கிவிட்டாரா?
– பெயர் வேண்டாம், குளச்சல்

உடலைப் பார்க்காத நான் கொலையா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன், அம்மா. ஆனால் இமை, உதடு என்று நீங்கள் எழுதிய இடத்தில் கொஞ்சம் நின்றேன். என் தாத்தா கரைமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெருவலை, இழுத்தவர். மீனும் நண்டும் மெத்தென்ற இடத்தைத்தான் முதலில் தேடும் என்பதை மருத்துவக் கல்லூரிக்குப் போகும் முன்பே அவரிடம் கேட்டிருக்கிறேன். இமை, உதடு, காது மடல், மூக்கு நுனி. அடிக்கிறவன் கை இப்படிப் பொறுக்கி எடுக்காது. உயிரோடு இருக்கும்போது பட்ட காயமென்றால் சுற்றியுள்ள திசுவுக்குள் இரத்தம் கசிந்து உறைந்திருக்கும். இறந்தபின் கடித்த இடத்தில் அது இராது.

கருத்தை ஏன் நிறுத்தி வைத்தார்? நீரில் மூழ்கியவரின் மூச்சுக்குழாயில் நுரை நிற்கும். நம் ஊர் வெக்கையில் மூன்று நாளில் உடல் அழுகி, அந்த அடையாளம் போய்விடும். அப்போது தொடை எலும்பின் மஜ்ஜையைத்தான் கேட்க வேண்டும். நீரில் டயாட்டம் என்ற நுண்பாசி உண்டு. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. எலும்பை அமிலத்தில் கரைத்தாலும் அது கரையாது. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை இழுக்கும்போது அது நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கிறது; துடிக்கிற இதயம் அதை மஜ்ஜை வரை கொண்டு சேர்க்கிறது. கடல் டயாட்டம் வேறு, ஆற்று டயாட்டம் வேறு. பழையாற்றில் மூழ்கி மணக்குடிப் பொழி (ஆறு கடலில் சேரும் இடம்) வழியாகக் கடலுக்குப் போன உடலில் ஆற்றின் சாட்சி இருக்கக்கூடும். இதுவும் தேவவாக்கில்லை. மூழ்கி இறந்தும் டயாட்டம் கிடைக்காத உடல்கள் உண்டு.

இரைப்பை, கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள் உப்புக் கரைசலில் ஆய்வகத்துக்குப் போயிருக்கும், விஷம் உண்டா என்று பார்க்க. அந்த அறிக்கை வருமுன்னே முடிவு எழுதித் தரும் மருத்துவரைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

நீங்கள் காவல் நிலையத்தில் கேட்க வேண்டியது வேறு: தம்பி உடுத்திருந்த கைலி, காலில் சுற்றியிருந்த வலைக்கயிறு, கூடப் போனவர்கள் சொன்னது, இதெல்லாம் பிரேத விசாரணை அறிக்கையில் ஏறியதா? நான் பணியில் இருந்தபோது ஓர் உடலைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி அனுப்பினார்கள். மரியாதைக்காம்! விரலிடுக்கில் இருந்திருக்கக்கூடிய பாசியும் மணலும் சாக்கடையோடு போயின.

சாயங்காலம் கொண்டுபோன உடலை மறுநாள்தான் கீறுவோம் என்கிறார்களே, ராத்திரியில் விளக்கு இல்லையா?
– ஒரு வாசகர், தக்கலை

வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றை இரவில் எடுப்பதில்லை. சட்டம் ஒழுங்குச் சிக்கல் இருந்தால் மட்டும் விலக்கு. காரணம் எனக்கு அனுபவத்தில் தெரியும். கன்றிய காயம் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மஞ்சளாகும். அந்த நிறத்தை வைத்துத்தான் அதன் வயதை ஓரளவு கணிக்கிறோம். மஞ்சள் பல்பின் கீழே மஞ்சள் தெரியாது.

கல்யாணமாகி நாலு வருடத்தில் மகள் புகுந்த வீட்டில் இறந்தாள். பிரேதப் பரிசோதனை நடந்த பிறகும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) எதற்கு எங்களை விசாரிக்கிறார்?
– ஒரு தாய், குலசேகரம்

திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால் அந்த விசாரணை உண்டு. எதனால் உயிர் போனது என்பதை நாங்கள் சொல்வோம். நகை கேட்டார்களா, அடித்தார்களா என்பதை எந்தக் கத்தியும் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் கடைசியாக அனுப்பிய செய்திகள் உங்கள் போனில் இருந்தால் அழிக்காமல் எடுத்துப் போங்கள்.