மேட்டுப்பாத்தி: கேள்வி – பதில்

கே: கொல்லை முழுக்கக் களிமண். மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நின்று, கத்தரியும் மிளகாயும் வேரழுகிப் போகின்றன. ஹாலோ பிளாக்கில் மேட்டுப்பாத்தி போடலாமா? எவ்வளவு மண் வேண்டும்?
– வாசகி, மன்னார்குடி

ப: போடலாம். அகலம் மட்டும் 4 அடியைத் தாண்ட வேண்டாம். இரு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே கால் வைப்பீர்கள், மண் இறுகிவிடும். சுவரோரமாக என்றால் 2 அடி போதும்.

உள்ளளவு 4க்கு 8 அடி என்று வைத்துக்கொள்வோம். 16 அங்குல நீளமும் 8 அங்குல அகல, உயரமும் உள்ள பிளாக் வரிசைக்கு 20 வீதம், இரண்டு வரிசைக்கு 40 ஆகும். கீழ் வரிசையில் நீளப்பக்கம் ஒவ்வொன்றிலும் 7, குறுக்கே ஒவ்வொன்றிலும் 3. மேல் வரிசையில் 6, 4. இப்படி மாற்றினால் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழாது. சிமென்ட் பூச்சும் வேண்டாம். மூலைகளிலும் நீளப்பக்கத்தின் நடுவிலும் துளை வழியாக 3 அடிக் கம்பியைத் தரையில் அடித்து இறக்குங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் ஈரமண் தள்ளி, சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

அடியில் பிளாஸ்டிக் விரிக்கவோ சிமென்ட் போடவோ கூடாது. முதலில் அரை அடி கொத்திவிட்டு, கோரைக் கிழங்கைக் கையால் பொறுக்கி எடுங்கள். அட்டை பரப்பினால் கோரை சாகும் என்பார்கள். அது அட்டையைத் துளைத்துக்கொண்டே வரும். சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டி, தண்ணீருக்கு வழி விடுங்கள்.

14 அங்குலம் நிரப்ப ஏறக்குறைய 37 கன அடி பிடிக்கும். செம்மண் 20 கன அடி, மட்கிய தொழு உரம் 10 கன அடி, 5 கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி 4, வேப்பம் புண்ணாக்கு 3 கிலோ. சிமென்ட் சாக்கில் ஒன்றேகால் கன அடி பிடிக்கும், ஆக செம்மண் 16 சாக்கு. லாரியில் ஒரு யூனிட் இறக்கினால் 100 கன அடி. மிச்சத்தை எங்கே கொட்டுவீர்கள்? எரு பச்சையாக இருந்தால் வெள்ளைப்புழு கூடவே வந்து வேரைத் தின்னும். கையில் எடுத்தால் சாண வாடை இல்லாமல் பொலபொலவென உதிர வேண்டும். கலந்து நனைத்து, இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள். கத்தரி 2 அடி இடைவெளியில் 8 செடிதான் கொள்ளும்.

கே: பாத்தி போட்டு இரண்டு மாதத்தில் மண் 3 அங்குலம் இறங்கிவிட்டது. கீரையும் மஞ்சளாகிறது.
– வாசகர், திருவள்ளூர்

ப: இறங்குவது இயல்பு, எரு மட்க மட்கக் கொள்ளளவு குறையும். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் 2 அங்குலம் தொழு உரம் போட்டு நிரப்புங்கள். கீரை மஞ்சளாவதற்கு, மட்காத நார்க்கழிவைக் கலந்தீர்களா என்று பாருங்கள். அது மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அடி இலைதான் முதலில் வெளுக்கும். கடலைப் புண்ணாக்கு அரை கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒரு முறை ஊற்றுங்கள். கழுவாத நார்க்கழிவு என்றால் உப்பும் இருக்கும். அப்போது இலை நுனி கருகும். நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிட வேண்டும்.

கே: இதே பாத்தியை மொட்டை மாடியில் கட்டலாமா?
– வாசகி, மதுரை

ப: வேண்டாம். ஓர் அடி உயரம் நிரப்பினாலே நனைந்த மண் சதுர அடிக்கு 40 கிலோவுக்குக் குறையாது. ஆள் ஏறும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயப்படி எடுத்துக்கொள்ளும் சுமையோ சதுர அடிக்குச் சுமார் 14 கிலோதான். பாத்திக்குப் பதிலாக, நார்க்கழிவு அதிகமாகக் கலந்த மண் நிரப்பிய செடிப் பைகளைச் சுவரும் பீமும் போகும் வழியில் தள்ளித் தள்ளி வையுங்கள்.