ஏற வேண்டிய நேரம்: கப்பல் கடிகாரமா, கைபேசியா?

கப்பலின் கடிகாரத்தையே பின்பற்றுங்கள். ஜூலையில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து புறப்படும் உங்கள் உல்லாசக் கப்பல் பயணத்தில், மெக்சிகோவின் கொசுமெல் தீவில் கைபேசி ஒரு மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் ‘மாலை 4.30-க்குள் ஏற வேண்டும்’ என்பதை எந்த நேரப்படி கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாளில் அச்சிடுவது கப்பல் நேரம்தான். கைபேசியை நம்பினால், அது 4.30 காட்டும்போது கப்பலில் 5.30 ஆகியிருக்கும்.

கப்பல் பொதுவாகத் தான் புறப்பட்ட மயாமியின் நேரத்தையே வைத்திருக்கும். கோடையில் மயாமி தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கிறது. கொசுமெல், ஜமைக்கா, கிராண்ட் கேமன் ஆகிய கரீபியத் தீவுகள் அப்படிச் செய்வதில்லை. கைபேசியோ தீவின் கைபேசிக் கோபுரத்திலிருந்து உள்ளூர் நேரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் கிழக்குக் கரீபியத் துறைமுகங்களான சான் ஹுவான், செயின்ட் தாமஸ் பக்கம் போனால் இது தலைகீழாகும்: கைபேசி ஒரு மணி நேரம் முந்திக் காட்டும்.

1. கரை காணாத கடல் நாளிலேயே கைபேசியின் தானியங்கி நேர அமைப்பை அணைத்து, கப்பல் நேரத்தைக் கையால் பதியுங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது.

2. இறங்கும்போது வாசலில் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையை உங்கள் கடிகாரத்துடன் ஒப்பிடுங்கள். அதைப் படம் எடுத்துக்கொள்வது மிகவும் உதவும்.

ஆயினும், நீண்ட பயணங்களில் சில கப்பல்கள் இரவில் தம் கடிகாரத்தையே மாற்றுவதுண்டு என்பதால், முதல் நாள் மாலை அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். கிராண்ட் கேமனில் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகில்தான் கரைக்குச் சென்று திரும்ப வேண்டும். அங்கே கப்பல் புறப்படும் நேரத்தை அல்ல, கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.