பழைய டிராக்டருக்குப் பார்ட்டு: லேத்தில் கடைவதா, கடையில் வாங்குவதா?

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மாஸே 1035, மஹிந்திரா பி-275, எச்எம்டி ஜீட்டர் என்று நம்ம பக்கத்தில் இன்னும் உழுதுகொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்குப் பார்ட்டு கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்றேன், குவிந்துவிட்டது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, எங்க 1035-ல முன் ஆக்சில் நடு பின்னுக்குக் கடையில் வாங்கிப் போட்ட புஷ் ஒரு பிசானப் போகம்கூடத் தாங்கல. கன்மெட்டலில் கடைந்து போடலாமா?

தாராளமாகப் போடலாம் தம்பி. புஷ் என்பது பின்னைச் சுற்றி உட்காரும் உலோகக் குழல், கடைந்து போடுவதற்கென்றே பிறந்த பார்ட்டு அது. வேகமாகச் சுற்றாது, பாரத்தைத் தாங்கிக்கொண்டு லேசாக ஆடும், அவ்வளவுதான் வேலை. ஆனால் புஷ்ஷை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள். தேய்ந்த சாம்பிளைப் பார்த்து அப்படியே கடைந்தால் தேய்ந்த புஷ்தான் புதுசாக வரும். பின்னையும் கொண்டுவர வேண்டும், முடிந்தால் ஆக்சிலையே இறக்கிக் கொண்டுவர வேண்டும். பின்னில் புஷ் உட்காராத இடம் எங்காவது ஒரு விரல் அகலத்துக்கு இருக்கும், அங்கே மைக்ரோமீட்டர் வைத்தால்தான் கம்பெனி அளவு கிடைக்கும். புஷ் ஓடிய இடத்தையும் அளந்து பார்த்துவிட்டு, வித்தியாசம் அதிகமென்றால் பின்னையும் மாற்றத்தான் வேண்டும். அடுத்து, புஷ் உட்காரும் ஓட்டை. அது முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் நீங்கள் தங்கத்தில் புஷ் போட்டாலும் நிற்காது, முதலில் ஓட்டையைப் போரிங் போட்டு வட்டமாக்கிவிட்டு அதற்கேற்ற வெளிவிட்டத்தில் புஷ் கடைய வேண்டும். வெளிவிட்டம் ஓட்டையைவிட 0.002 இஞ்ச் பெரிதாக இருக்கட்டும், பிரஸ்ஸில் அழுத்தினால் இறுக்கமாக உட்காரும். அப்படி உட்காரும்போது உள்விட்டம் சுருங்கும் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள், அதனால் அழுத்தியதற்கு அப்புறம்தான் ரீமர், அதாவது ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி, விட வேண்டும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.002, 0.003 இஞ்ச் இடைவெளி போதும். கிரீஸ் ஓட்டை நிப்பிளுக்கு நேராக வருகிறதா, உள்ளே கிரீஸ் ஓட வாய்க்கால் வெட்டியிருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். உங்க கடைப் புஷ் போனதற்கு மெட்டல்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், கிரீஸே போகாமலும் இருந்திருக்கலாம்.

நாங்குநேரியிலிருந்து: வீட்டில் பாட்டி காலத்து வெண்கலப் பானை உடைந்து கிடக்கு. அதை உருக்கி வார்த்து புஷ் கடைஞ்சா செலவு மிச்சம்தானே?

பானையைப் பத்திரமாக வையுங்கள். கன்மெட்டல் என்றால் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்கிற கணக்கு. பாத்திர வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. அதனால்தான் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது, கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைகிறது. வரப்பு ஏறி இறங்கும் வண்டியில் அந்தப் புஷ் விரிசல் விட்டுவிடும். போதாததற்குப் பின்னையும் தின்னும்.

சேரன்மகாதேவியிலிருந்து: கேஜ் வீல் (சேற்று வயலுக்கான இரும்புச் சக்கரம்) போட்டு தொழி அடிக்கும்போது, அதாவது சேறு கலக்கும்போது, கியர்பாக்ஸில் ஒரு பல் உடைஞ்சிட்டு. வெல்டிங் வைத்து அரத்தில் ராவி பல் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருத்தர். நம்பலாமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். கியர் பல்லுக்கு மேல்தோல் மட்டும் கெட்டி, உள்ளே கொஞ்சம் இளக்கம். அப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தியிருப்பதால்தான் அது தேயவும் தேயாது, அதிர்ச்சியில் முறியவும் முறியாது. வெல்டிங் சூடு பட்டதும் அந்தப் பதம் போயிற்று. பக்கத்துப் பல்லுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வைத்த பல் மறுபடி கழன்று விழுந்தால் எண்ணெயோடு சுற்றி இன்னொரு கியருக்கு நடுவில் மாட்டும், ஒரு பல்லுக்கு வைத்தியம் பார்க்கப்போய் பெட்டியே உடையும். புதுசு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் காயலான் கடையில் அதே மாடலைப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். பழைய கம்பெனி கியர் என் பட்டறையில் புதிதாக வெட்டுகிற கியரைவிட மேல், இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. பின் ஆக்சிலைச் சுழற்றும் கிரவுன் பினியன் என்றால் ஜோடியாகவே எடுக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து உரசி ஜோடி நம்பர் அடித்திருப்பார்கள். அப்புறம், உடைந்த துண்டு கைக்கு வந்ததா? வரும்வரை எண்ணெய் தேங்கும் அடிப்பகுதியைக் கழுவித் தேடுங்கள்.

களக்காட்டிலிருந்து: போல்ட்டு எல்லாம் ஒரே சைஸ் மாதிரிதான் இருக்கு, ஆனா இறுக்கினா மரை வழுக்குது. ஏன் அண்ணாச்சி?

1035 இங்கிலாந்து வம்சம். அதில் பெரும்பாலும் இஞ்ச் கணக்கு மரை. அரை இஞ்ச் யுஎன்எஃப் (நெருக்கமான இஞ்ச் மரை) போல்ட்டில் ஒரு இஞ்சுக்கு 20 மரை, மரைக்கு மரை 1.27 மில்லிமீட்டர். கடையில் மில்லிமீட்டர் கணக்கில் வரும் எம்12 ஃபைன் கொடுத்தார்கள் என்றால் அதில் 1.25. கிட்டத்தட்ட ஒன்று என்பதால் நட்டுக்குள் அழகாக ஓடிவிடும், கையால் சுற்றும்போது சந்தேகமே வராது. ஆனால் விட்டம் 12.7-க்குப் பதில் 12தான், மரை நுனியில் மட்டும் பிடித்திருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கினதும் வழித்துக்கொண்டு வந்துவிடும். பொருத்தும் முன் லேசாக ஆட்டிப் பாருங்கள், நட்டுக்குள் போல்ட்டு லொடலொட என்றால் அது உங்க வண்டிப் போல்ட்டு இல்லை. மரையை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள், பெரிய செலவில்லை.

முக்கூடலிலிருந்து: கேஸ்கெட் நானே வெட்டலாமா?

இரண்டு பாகம் சேரும் இடத்தில் ஒழுகாமல் அடைப்பதுதான் கேஸ்கெட். எஞ்சின் ஹெட் கேஸ்கெட் தவிர மற்றது வெட்டலாம். கேஸ்கெட் பேப்பரை ஹவுசிங் மேல் விரித்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரத்தில் செல்லமாகத் தட்டிக்கொண்டே வந்தால் விளிம்பே பேப்பரை வெட்டிவிடும். போல்ட்டு ஓட்டைக்கு, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த பால்ஸை ஓட்டை மேல் வைத்து ஒரு தட்டு, வட்டமாக விழும். முதலில் எதிரெதிர் மூலையில் இரண்டு ஓட்டை எடுத்துப் போல்ட்டைச் செருகிக்கொண்டால் பேப்பர் நகராது. ஒரே எச்சரிக்கை, பழைய பேப்பர் எவ்வளவு தடிமனோ அதே தடிமன். பேரிங் மூடிக்கு அடியில் வருகிற பேப்பர் சில இடங்களில் பேரிங்கின் இறுக்கத்தையே தீர்மானிக்கும், ஒழுகுதே என்று தடியான பேப்பர் போட்டால் ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கும்.

திசையன்விளையிலிருந்து: ஜீட்டருக்கு ஆயில் சீல் எங்கேயும் இல்லை என்கிறார்கள்.

ஷாஃப்ட் ஓரமாக எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம்தான் ஆயில் சீல். வண்டிப் பேரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஷாஃப்ட் விட்டம், ஓட்டை விட்டம், அகலம், மூன்றையும் அளந்து பேரிங் கடையில் கேளுங்கள். உங்க தேரி மண்ணுக்கு இரட்டை உதடு வைத்த சீலாக வாங்குங்கள். ஷாஃப்ட்டில் பழைய சீல் ஓடி நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்திருந்தால் அங்கே ஒரு ஸ்லீவ் (மெல்லிய உறை) ஏற்ற வேண்டும், அதைக் கடைந்து தருகிறோம்.

வள்ளியூரிலிருந்து: டாப் லிங்க் (கலப்பையை வண்டியோடு இணைக்கும் மேல் தண்டு) பின்னுக்கு டிஎம்டி கம்பியை வெட்டிப் போட்டிருக்கேன், ஓடுது.

ஓடும், கலப்பை கல்லில் மாட்டுகிற அன்றைக்கு வரைக்கும். அந்த முண்டும் முடிச்சும் ஓட்டையை அறுத்துவிடும். உங்க வண்டி லிங்க் கேட்டகரி 1 அளவு என்றால் மேலே 19 மில்லிமீட்டர், கீழ் லிங்க்கு இரண்டுக்கும் 22, இஎன்8 எஃகுக் கம்பியில் கடைந்து போடுங்கள். கடையிலும் கிடைக்கும், இதற்கெல்லாம் லேத்துக்காரனைத் தேட வேண்டியதில்லை.

இரண்டு மூன்று பேர்: நாசில், டீசல் பம்ப் எலிமெண்ட், ஸ்டீயரிங் ஆர்ம் இதெல்லாம் கடைய முடியுமா?

டீசலைப் பீய்ச்சும் நாசிலும், பம்புக்குள் அதை அழுத்தும் எலிமெண்ட்டும் மைக்ரான் கணக்கு, லேத் அந்தப் பக்கமே போகாது. ஸ்டீயரிங் ஆர்ம் கடைய முடியுமா என்பதைவிட, கடைந்து கொடுக்கிறவனிடம் வாங்குவீர்களா என்று கேட்கிறேன். பின்னால் டிரெய்லரில் நாற்று நடப் போகிற பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வளைந்ததை நெருப்பில் காட்டி நிமிர்த்துகிற வேலையும் அதே கதைதான், நான் செய்வதில்லை.

வீரவநல்லூரிலிருந்து: கடைசல் கூலி சில சமயம் கடை விலையைவிடக் கூட வருதே, அநியாயமில்லையா?

ஒரு பார்ட்டு கடைய அளவெடுத்து, சக்கில் பிடித்து, சென்டர் பார்க்கவே நேரம் போய்விடுகிறது. இரண்டாவது மூன்றாவது அதே நேரத்தில் ஓடிவரும். ஊரில் அதே மாடல் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து வாருங்கள், ஆளுக்குக் கூலி குறையும். கடையில் நல்ல பார்ட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள், நான் கோபப்பட மாட்டேன். இன்னொன்று, கால்வாயில் தண்ணீர் விட்ட மறுநாள் ஓடிவராதீர்கள் அண்ணாச்சி. பிசானம் அறுத்து, கார் போகம் தொடங்குவதற்கு முன்னால் பங்குனி, சித்திரையில் வந்தால் நிதானமாக அளந்து செய்து தருவேன். இப்போது பட்டறை வாசலில் மூன்று ஆக்சில் கிடக்கிறது, மீதிக் கேள்விகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் போடுகிறேன்.